முன்னறை எஞ்சின்

எங்கள் வீட்டு முன்னறையில் ஆறு வருடம் ஒரு நீராவி எஞ்சின் நின்றது. பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நிஜ எஞ்சின் என்று சொன்னால் பயம் வரும். ஐந்தரை அடி நீளம், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற உயரம். அது ஓடுகிற தண்டவாளத்தின் அகலம் ஏழேகால் அங்குலம். தேங்காய்த் தொட்டி, அதாவது கொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால், அந்த ஆவியில் அது ஓட வேண்டும். பின்னால் ஒரு வண்டியைக் கோத்து இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்பது என் எண்ணம். அந்த அறை என் மனைவிக்கு வேண்டியிருந்தது. அவள் அதைக் கேட்டது இரண்டே தடவை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் அருள்புரம் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுகிற ஆளாகச் சேர்ந்து, பத்து வருடம் கழித்து, அதிகாரிகள் முன்னால் நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் வாயால் பதில் சொல்லி, பாய்லரை ஓட்டுவதற்கான சான்றிதழ் வாங்கினேன். பாய்லரில் தண்ணீர் குறைந்துவிட்டது தெரிந்தால் முதலில் என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்டார். "பயப்படுவேங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதற்கப்புறம் என்றார். அதற்கப்புறம் செய்ய வேண்டியதையும் ஒழுங்காகச் சொன்னேன். ஆனால் முதலில் சொன்னதுதான் உண்மை. அந்த வேலையில் இருந்த அத்தனை வருடமும் எதற்கும் முதலில் நான் செய்தது பயப்படுவதுதான்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்ட, விரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் வெளியே பொருத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் சொம்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்றுதான் என் கண் போகும். இவ்வளவு பார்த்தும், ஆவி என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் நான் பார்த்ததில்லை. அது குழாய்க்குள் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் துணி வேகிற தொட்டியைச் சூடாக்கும். மறுபடி தண்ணீராகித் திரும்பி வரும். ஒரு நாளாவது அது எதையாவது தள்ளிக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இதைத் தவிர வேறு காரணம் எனக்கே தெரியவில்லை. கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்தேன்.

கம்பெனியில் பழைய குழாய்களை மாற்றியபோது, நீளவாக்கில் ஒட்டில்லாத கனத்த இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று வெளியே கிடந்தது. முதலாளியிடம் கேட்டேன். எடுத்துட்டுப் போங்க, என்ன பண்ணப் போறீங்க என்றார். சும்மாங்க என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்தச் சும்மாதான் பிறகு பாய்லரானது. கோயமுத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் எஞ்சின் கட்டும் படங்கள் போட்ட இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. எழுத்து எனக்குப் புரியாது; படம் புரியும். புரியாத இடத்தைக் கம்பெனி ஆபீசில் இருந்த பையன்களிடம் காட்டி, ஒரு வரி இரண்டு வரி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.

கடைசல் வேலைக்கெல்லாம் எனக்குத் துணை ஒரு லேத் பட்டறைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். பனியன் துணி நெய்கிற மெஷின்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுப்பார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் எனக்காக லேத்தை ஓட்டுவார். சிலிண்டர் குடைந்தது, சக்கரம் கடைந்தது எல்லாம் அவர் கை. அதற்குக் கூலியாக என்னை வாய்க்கு வந்தபடி பேசுவார். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

பாய்லர் எத்தனை லிட்டருக்கு மேல் போனால் சட்டத்துக்குள் வந்துவிடும் என்று நாலு பேரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதிலேயே குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, அதிலும் இரண்டு லிட்டர் குறைத்தேன். வெல்டிங்கை நான் செய்யவில்லை. சான்றிதழ் உள்ள ஆளைக் கொண்டு செய்தேன். முடிந்ததும், உள்ளே பச்சைத் தண்ணீரை நிறைத்துக் கைப்பம்பால் அழுத்தி எங்காவது கசிகிறதா என்று பார்க்கிற சோதனை இருக்கிறது. ஐந்து கிலோ அழுத்தத்தில் ஓட வேண்டிய பாய்லரைப் பத்து கிலோவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதும். நான் பதினோரு தடவை பார்த்தேன். ஏழாவதில் அண்ணாச்சி பம்பின் கைப்பிடியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"உம்ம பாய்லரு வெடிக்காது வே. நீரு பாக்குற பார்வையில அலுத்துப்போய் அதுவே செத்துப்போவும்."

இருக்கட்டுங்க அண்ணாச்சி, இன்னும் ஒருக்கா என்றேன்.

அப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்து ராத்திரி எட்டு மணி வரை தூங்கி, எழுந்ததும் அரத்தை எடுப்பேன். ஒரு போல்ட்டைப் பொருத்தியதும் அது கழன்றால் என்ன ஆகும் என்ற நினைப்பு வரும். கழற்றித் திரும்பப் பொருத்துவேன். இப்படித்தான் இரண்டு வருட வேலை ஐந்து வருடம் ஆனது. கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்த பிறகு அண்ணாச்சி லேத்தும் பாதி நாள் நின்றது. எனக்கு அதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. முடிந்துவிட்டால் பற்றவைத்தாக வேண்டுமே.

என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலையில்லை. எஞ்சின் தொடங்கிய மூன்றாவது வருடம் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். முன்னறை காலியாக இருந்தால் ஒரு ஓவர்லாக் தையல் மெஷின் போட்டு, கம்பெனியில் துணி வாங்கி வந்து, வீட்டிலேயே உட்கார்ந்து தைக்கலாம் என்றாள். நின்று நின்று கால் மரத்துப்போகிறது என்றும் சொன்னாள். ஆறு மாசம் பொறு புள்ள என்றேன். அவள் பொறுத்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துவைத்த துணியை மடித்து எஞ்சின் மேல் அடுக்குவாள், வெங்காயக் கூடையை அதன் முன்னால் வைப்பாள். அறை முழுக்க கிரீஸ் வாசம் அடிக்கும். அவள் புடவையிலும் அடித்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

இனி சொல்லப்போவதற்கு ஒரு சின்ன விளக்கம் வேண்டும். சிலிண்டருக்குள் ஆவி ஒரு தண்டை முன்னும் பின்னும் தள்ளும். அந்தத் தண்டு வெளியே வருகிற ஓட்டை வழியாக ஆவி தப்பிப்போகாமல் இருக்க, சுற்றிலும் கயிறு மாதிரி ஒன்றைத் திணித்து மேலே ஒரு நட்டைப் போட்டு இறுக்குவார்கள். பேக்கிங் என்று பேர். எங்கள் பாய்லரில் போடுகிற கயிறு என் எஞ்சினுக்கு ரொம்பக் கனம். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஆபீசில் படிக்கச் சொன்னேன். காட்டன் நூலை கிராபைட்டில் ஊறவைத்துப் போடு என்று இருக்கிறது என்றார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு காட்டனுக்கு எங்கே போவது என்று யோசிப்பேனா? துடைப்பதற்காக என் மனைவி கொண்டுவந்து போட்ட கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை அறை மூலையிலேயே கிடந்தது. அதில் மெத்தென்று கறுப்பாக ஒரு துணி. பனியன் துணியை நீளமாக வெட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால், தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியே கயிறாக்கி, கிரீஸில் முக்கி, திணித்தேன். ஆவி கசிந்துவிடுமோ என்று நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். அப்புறம் இன்னும் கால் சுற்று.

ஐந்தாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுப் பக்கவாட்டில் காம்பவுண்டு சுவரை ஒட்டி நாற்பது அடிக்குத் தண்டவாளம் போட்டிருந்தேன். அக்கம்பக்கத்தார் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தேங்காய் உடைத்து, புது வண்டிக்கு வைக்கிற மாதிரி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அழுத்தம் அதிகமானால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுகிற வால்வை, ஐந்து கிலோவுக்குப் பதிலாக மூன்றிலேயே திறக்கும்படி வைத்திருந்தேன். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். மூன்று கிலோவில் எறும்பைக்கூட இழுக்காது என்றார்.

சிலிண்டருக்கு ஆவி விடுகிற வால்வைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எஞ்சின் நகர்ந்தது. ஐந்து வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தச் சத்தம் வந்தது. நான் அதைக் கேட்கவில்லை, மீட்டர் முள்ளையும் கண்ணாடிக் குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டடி போயிருக்கும். வண்டி முக்க ஆரம்பித்தது. ஒரு கருகல் வாசம் வந்தது. அவ்வளவுதான். ஆவியை அடைத்து, நெருப்பை முழுக்க வாரி வெளியே கொட்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம் திறந்திருந்தால் ஒருவேளை முக்கிக்கொண்டே ஓடியிருக்கும் என்று அண்ணாச்சி பிறகு சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எட்டடி போச்சுல்லீங்க என்று ஒரு அம்மா ஆறுதல் சொன்னார். ஆறிய பிறகு நாலு பேர் தள்ளியும் சக்கரம் அசையவில்லை. உருளைக் குழாய்களை அடியில் கொடுத்து, பிணத்தைக் கொண்டுபோகிற மாதிரி மறுபடி முன்னறைக்குள் கொண்டுபோய் வைத்தோம்.

பாய்லர் சூட்டில் கீழே இருக்கிற இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது என்று நானாகவே முடிவு செய்தேன். அப்படியானால் சரிசெய்ய வழியில்லை, ஐந்து வருடமும் போனது போனதுதான். பிரித்துப் பாரும் வே என்று அண்ணாச்சி வாராவாரம் சொன்னார். பிரித்தால் அது உறுதியாகிவிடும். பிரிக்காத வரைக்கும் வேறு ஏதாவதாக இருக்கலாம். அடுத்த வாரமுங்க என்று சொல்லிச் சொல்லி, தார்ப்பாயைப் போட்டு மூடி, ஒரு வருடத்தை ஓட்டினேன். தெருவில் போகிறவர்கள் இன்னும் சிக்னல் விழலீங்களா என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த வருடம் எனக்கு எதிலும் ஒரு சலிப்பு. ஷிப்ட்டில் கண்ணாடிக் குழாயைப் பார்க்கிறபோது கண் தானாக மூடிக்கொள்ளும். திடுக்கிட்டு எழுந்து பார்ப்பேன். தண்ணீர் அதே மட்டத்தில்தான் இருக்கும்.

அடுத்த ஆடி மாதம் என் மனைவி இரண்டாவது தடவையாகக் கேட்டாள். கேட்டாள் என்று சொல்லக் கூடாது. சொன்னாள்.

"ஏனுங்க, ஆவணி பொறந்து மொத புதங்கெழம மெஷின் வருதுங்க. கம்பெனில வேலைய உட்டு நின்னுக்கறேன்னு சொல்லீட்டேன். அதுக்குள்ள இது ஓடுனா ஓடட்டும். ஓடாட்டி வெளிய போகட்டும். எனக்கு இனி நிக்க முடியலீங்க."

குரலை உயர்த்தவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். வீக்கத்தில் கொலுசு பதிந்த தடம் தெரிந்தது. அந்தக் கொலுசை எப்போது கழற்றினாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் தண்ணீர்ச் சொம்பின் மட்டம் வரைக்கும் கவனிக்கிற ஆள் நான்.

ஓட்டலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போதும் இல்லை. இரும்பு இரும்பாக, பித்தளை பித்தளையாகப் பிரித்துப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவது என்றுதான் ஸ்பேனரை எடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் கழற்றிக் கொடுத்த போல்ட்டுகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பேக்கிங் நட்டு லேசில் வரவில்லை. நீளக் குழாயை மாட்டி நெம்பியதும் பட்டென்று விட்டது. தண்டைச் சுற்றிக் கறுப்பாக, பிசின் காய்ந்த மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் போட்டதும், ஒரு வருடமாக அசையாத சக்கரம் கையால் தள்ளியதற்கே உருண்டது. இரும்புச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் அந்தக் கறுப்புத் துண்டைக் கையில் எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"இதென்னங்க?"

"காட்டன். பேக்கிங்குக்கு வெச்சது."

"எங்க எடுத்தீங்க?"

மூலையில் கிடந்த மூட்டையைக் காட்டினேன். அவள் எழுந்து போய் அதே கறுப்புத் துணியில் மிச்சம் இருந்ததைத் தேடி எடுத்து, ஒரு இழையை உருவி, தீக்குச்சியைக் கிழித்தாள். எங்கள் ஊரில் துணிக்கு இதுதான் பரிசோதனை. சுத்தக் காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். கலப்பு என்றால் சுருங்கி, உருகி, நுனியில் மணி கட்டும். இழை சுருண்டு மணி கட்டியது.

"லைக்ராங்க. லெக்கின்ஸ் லாட்டுல வெட்டுனது. இறுக்கிச் சூடு பண்ணுனா உருகி ஒட்டிக்கத்தான செய்யும்" என்றாள். தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு, "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லீங்க. நாள் பூரா அதத்தான பாத்துட்டு நிக்கறேன்" என்றாள்.

பாய்லருக்குப் பயந்தேன், வெல்டிங்குக்குப் பயந்தேன், சட்டத்துக்குப் பயந்தேன், போல்ட் போல்ட்டாகப் பயந்தேன். ஒரு துண்டுத் துணியை மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எடுத்துத் திணித்திருக்கிறேன். அது காட்டன்தானா என்று சொல்லக்கூடிய ஆள், அந்த அறை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய எஞ்சின் போகவில்லை. நூல் சுற்றி வருகிற கோனில் மிச்சம் இருந்த சுத்தக் காட்டன் நூலை அவளே தேடி எடுத்தாள். எடுத்ததும் ஒரு நுனியைக் கொளுத்திப் பார்த்தாள். மூன்று புரியாகப் பிரித்துச் சடை பின்னிக் கொடுத்தாள். கிரீஸில் ஊறவைத்துப் போட்டேன். நட்டைப் பிடித்தபோது, இறுக்காதீங்க என்றாள். கையால் திருகின அளவோடு விட்டேன். கசிந்தால் கசியட்டும்.

மெஷின் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை தேங்காய் இல்லை, நாற்காலிகள் இல்லை. அண்ணாச்சி மட்டும் வந்திருந்தார். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு என்று என் மனைவிக்கு அன்றைக்கும் அரை நாள் வேலை. கரி பிடித்து, அழுத்தம் ஏறி, ஆவியை வெளியே விடுகிற வால்வு பழையபடி மூன்றில் திறந்தபோது அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "பதினோரு தடவ பத்துல நிறுத்திப் பாத்தவரு நீருதான வே?" என்றார். ஸ்பேனரை எடுத்து நாலுக்கு மாற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்துக்கு மாற்றினேன்.

அந்த நேரம் அவள் வந்தாள். மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தவள், பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார இடம் பார்த்தாள். எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருந்த வண்டியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதில் நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் உட்கார்ந்தாள். ஆசைப்பட்டு ஏறவில்லை, நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன், மறுபடி குழாயைப் பார்த்தேன். எறங்கிக்கறியா புள்ள என்று கேட்டேன்.

"போலாமுங்க" என்றாள்.

திறந்தேன். எஞ்சின் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனது. பேக்கிங் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது, கசிந்துகொண்டே ஓடியது. நாற்பதடி போய் நின்று, திரும்பப் பின்னாலேயே வந்தோம். மறுபடி போனோம். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். நாலாவதோ ஐந்தாவதோ தடவை திரும்பும்போது என் முதுகில் பாரம் விழுந்தது. அவள் நெற்றி. தூங்கிப்போயிருந்தாள்.

விழுந்துவிடுவாளோ என்று பயம். நிறுத்தினால் எழுந்துவிடுவாளே என்று வேறு. நடை வேகத்துக்கும் கீழே குறைத்து, முன்னே நாற்பதடி, பின்னே நாற்பதடி என்று போய் வந்துகொண்டிருந்தேன். பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டி காலியாகி, கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்க ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது அன்றைக்கு மட்டும்தான். இன்னும் ஒரு தடவை போகலாம், இன்னும் ஒரு தடவை என்று இருந்து, இதற்குக் கீழே போகக் கூடாது என்கிற அடிக்கோட்டுக்கு ஒரு விரல் மேலே வந்ததும் நிறுத்தினேன். நெருப்பை வாரினேன். அவள் எழுந்து, தண்ணி காலியாயிருச்சுங்களா என்று கேட்டுவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனாள்.

புதன்கிழமை மெஷின் வந்தது. எஞ்சின் இப்போது பக்கவாட்டில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. துருப்பிடிக்கக் கூடாது என்று தினமும் ஒரு தடவை சக்கரத்தை உருட்டிவிட்டு வருகிறேன். வருகிற வழியில் முன்னறை ஜன்னலில் நின்று, மெஷினுக்கு எர்த் வயர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், இருக்குதுங்க, போங்க என்பாள். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒரு பழைய கோன் பெட்டி மேல் தூக்கி வைத்திருப்பாள். மெஷினை மிதிக்கிற நேரத்துக்கு மட்டும் ஒரு கால் கீழே இறங்கும்.